குற்றமற்ற பாக்கிக்காரர்

1

ஐயாயிரத்து நூற்று எண்பத்து நான்கு யூரோ. வெனிஸை ஒட்டிய மர்கேராவில் மூன்றாம் மாடியில் குடியிருந்த நேரியோ பவான், வீட்டுக்காரரான பல் டாக்டர் மெனினுக்குத் தர வேண்டியிருந்த தொகை இது. பத்து மாத வாடகை, அதோடு படிக்கட்டு விளக்குக்கும் குப்பைக்குமான பங்கு.

இந்தக் கதைக்கு ஆறு தொடக்கம் எழுதிப் பார்த்தேன். பொய் கலக்காமல் நின்றது இந்தத் தொகை மட்டும்தான். அதனால் அதை முன்னால் வைத்துவிட்டேன்.

கதை வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். நான் கட்டட வேலைக்காரன். சுவருக்குப் பூச்சு, வெள்ளை, ஓடு மாற்றுவது. எழுத்துக் கூட்டத் தொடங்கியது ஐம்பத்து மூன்று வயதில், பக்கத்து ஊரான மெஸ்த்ரேயின் மாலைப் பள்ளியில். (அப்பாவிடம் மணல் படகு இருந்தது. இன்றைக்கு ஒரு ஊர், நாளைக்கு ஒரு ஊர். பள்ளிக்கூடம் கரையில் இருந்தது. இதைப் பற்றி இவ்வளவு போதும்.) ஒரு நாள் கிரார்தி டீச்சர் நகராட்சி அச்சடித்த தாள் ஒன்றை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார். மேலே, 'வீட்டு வசதி, வீடின்மை: அடிக்கடி வரும் சொற்கள்' என்று இருந்தது. அதில் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு பத்து வரி எழுத வேண்டும்.

நான் விரலை வைத்துப் படித்துக்கொண்டே போனேன். கூரையற்றவர். நிலையான இருப்பிடம் இல்லாதவர். குளிர்கால அவசரத் தங்கல். கண்டறிய முடியாதவர். நடுவில் ஒரு சொல்லில் விரல் நின்றுவிட்டது. 'குற்றமற்ற பாக்கிக்காரர்.' வேலை போயோ, வேலை நேரம் குறைந்தோ, நோய் வந்தோ, தன் தவறில்லாமல் வாடகை கட்ட முடியாமல் போனவர் என்று பக்கத்தில் விளக்கம். அப்படிப்பட்டவருக்காக அரசு வீட்டுக்காரருக்குப் பணம் கட்டும். வீடு போகாது.

பாக்கிக்காரர் என்று நான் எழுதியிருக்கும் இடத்தில், தாளில் இருந்த சொல் 'மொரோசோ'. அரசாங்கத்து இத்தாலியத்தில் அதற்குத் தவணை தவறியவன் என்று பொருள். எங்கள் ஊர்ப் பேச்சில் மொரோசோ என்றால் காதலன். பெண்ணைச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு போகிறானே, அவன்.

நேரியோவின் வீடு இந்த ஒரு சொல்லில் போனது. பத்து வரியில் அடங்கவில்லை.

2

எழுதிவிட்டு விட்டுவிட்ட தொடக்கங்களில் மூன்றை அப்படியே வைக்கிறேன். சுவரைச் சுரண்டினால் பழைய வண்ணங்கள் தெரியுமே, அந்த மாதிரி.

'கடலிலிருந்து ஏறி வந்த பனிமூட்டம் மர்கேராவின் புகைபோக்கிகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்த ஒரு' [டீச்சர் இங்கேயே கோடு போட்டார். "பெப்பி, இந்தப் பனியை எங்கே வாங்கினீங்க?" என்றார். பெப்பி நான்தான். நேரியோ வீட்டைக் காலி செய்த அன்று நல்ல வெயில் அடித்தது.]

'நேரியோ பவான் ஒரு நல்ல மனிதர்.' [அடித்துவிட்டேன். நல்லவர் என்று தொடங்கினால், ஆள் சாகப்போகிறார் என்று வாசிப்பவருக்குத் தெரிந்துவிடும். அவர் சாகவில்லை. சாகவில்லை என்றுதான் நினைக்கிறேன்.]

'ஒரு ஊரில் ஒரு கப்பல் பட்டறை இருந்தது. அதில் ஆயிரம் பேர் வேலை செய்தார்கள். ஆயிரம் பேருக்கும் ஆயிரம் முதலாளி.' [இது உண்மை. துணை ஒப்பந்தம், அதற்குத் துணை ஒப்பந்தம் என்று போய்க்கொண்டே இருக்கும். ஆனால் இதிலிருந்து நேரியோவுக்கு எப்படி வருவது என்று தெரியவில்லை.]

சரி, நேராகச் சொல்கிறேன். அறுபத்தொரு வயது. நல்ல உயரம். கப்பல் அடிப்பாகத்தில் மணல் பீய்ச்சித் துரு எடுக்கும் வேலை. மனைவி அமேலியா போய் எட்டு வருடம். பிள்ளைகள் இல்லை. ஒப்பந்தக்காரன் வாரம் நாற்பது மணி வேலையைப் பதினாறாகக் குறைத்தான். அந்தக் காகிதம் நேரியோவிடம் இருந்தது. மார்பு எக்ஸ்ரே படம் இருந்தது. நீதிமன்றத்திலிருந்து வந்த காலி செய்யும் உத்தரவும் இருந்தது. குற்றமற்றவர் என்று சொல்ல என்னென்ன வேண்டுமோ அத்தனையும் ஒரு மளிகைக்கடைப் பையில் இருந்தது.

கேட்ட கேள்விக்கு ஆமாம் என்று சொல்ல வேண்டியது மட்டும்தான் பாக்கி.

3

நகராட்சி அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது டிர்சே. நேரியோவுக்குக் கீழ் வீட்டில் இருப்பவள், சந்தையில் மீன் விற்பவள். குரல் பாலத்துக்கு அந்தப்பக்கம் வரை கேட்கும். அன்றைக்கு அவள் அவரோடு மனு வாங்கும் ஜன்னலுக்கு வந்திருந்தால் கதையே இல்லை. ஆனால் வெளியே வரிசைச் சீட்டு எந்திரம் ஒரே எண்ணை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டது. அந்தச் சண்டையைத் தீர்த்து வைக்க அவள் நின்றுவிட்டாள்.

ஜன்னலில் ஒரு இளம்பெண் இருந்தாள். தெற்கிலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு மாதம்.

"உட்காருங்க. பேரு?"

"நேரியோ பவான்."

"குடும்பத்துல எத்தனை பேரு?"

"நான் ஒருத்தன்தான் மகளே."

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நீங்க மொரோசோவா?"

நேரியோ பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"சார், மொரோசோவா இல்லையா? ஆமாம் இல்லன்னு ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

"இல்லை" என்றார்.

அவள் எதையோ அழுத்தினாள். "அப்போ இந்த ஜன்னல் இல்லைங்க. பக்கத்து ஜன்னல். அங்க அரசு வீட்டுக்குப் பேரைப் பதிஞ்சுக்குவாங்க."

பக்கத்து ஜன்னலில் பெயரைப் பதிந்துகொண்டார்கள். ஒரு எண் கொடுத்தார்கள். பையை யாரும் திறக்கச் சொல்லவில்லை. அவரும் திறக்கவில்லை.

"முடிஞ்சுதா?" என்று கேட்டாளாம் டிர்சே.

"முடிஞ்சுது" என்றாராம்.

* டீச்சர் ஓரத்தில் எழுதியது: 'இது நம்பும்படி இல்லை. கதைக்கு வசதியாக இருக்கிறது.' உண்மைதான், எனக்கும் வசதியாகத்தான் இருக்கிறது. நானாக யோசித்திருந்தால் இவ்வளவு வசதியாக யோசித்திருக்க மாட்டேன், வெட்கமாக இருந்திருக்கும்.

4

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, இதை நேரியோ வைன் கடையில் ஒரு நகைச்சுவையாகச் சொன்னார். அவர் கதை சொன்னால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அந்தப் பெண்ணின் தெற்கத்திப் பேச்சை அப்படியே பேசிக் காட்டினார்.

"கண்ணாடியைக் கழட்டி என்னை ஏற இறங்கப் பார்த்துச்சுடா. 'நீங்க மொரோசோவா?'ன்னுச்சு. நான் சட்டையை இழுத்துவிட்டுக்கிட்டேன்."

கடைக்காரன் கிளாஸை வைத்துவிட்டுச் சிரித்தான். "கிழவா, உனக்கு வாய்ப்பு வந்திருக்கு, விட்டுட்டு வந்திருக்கியே!"

"வயசு இருபத்தஞ்சு இருக்கும். அவங்க அப்பன் வந்து என்னைக் கால்வாய்ல தள்ளவா?"

"என்ன சொன்ன?"

"என்ன சொல்றது? அமேலியா மேல இருந்து பார்த்துக்கிட்டு இருக்கா. இல்லைம்மான்னுட்டேன்."

எல்லோரும் சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டிர்சே மட்டும் கையில் இருந்த வறுத்த மத்தி மீனைத் தட்டில் திருப்பி வைத்தாள்.

"யோவ் நேரியோ. நிஜமாவே இல்லைன்னா சொன்ன?"

"ஆமா."

"எந்த ஜன்னல்ல?"

"முதல் ஜன்னல்ல."

"நாசமாப் போறவனே" என்றாள் மெதுவாக. அவள் மெதுவாகப் பேசி நாங்கள் யாரும் கேட்டதில்லை. அப்புறம் அந்தச் சொல்லுக்கு அரசாங்கத்தில் என்ன பொருள் என்று சொன்னாள். கடைக்காரன் துணியை எடுத்து மேசையைத் துடைக்கத் தொடங்கினான். நேரியோ தன் கிளாஸைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். சிரிப்பை நிறுத்த வழி தெரியாமல் சிரித்த மாதிரி இருந்தது எனக்கு.

[மாதிரி என்று எழுதுகிறேன். ஏன் என்பது அடுத்த பகுதியில்.]

5

இங்கேதான் என்னால் இந்தக் கதையை நகர்த்த முடியவில்லை. ஒன்றரை மாதம் பேனாவைத் தொடவில்லை.

நேரியோவுக்கு அந்தச் சொல்லின் அரசாங்கப் பொருள் தெரியுமா, தெரியாதா?

தெரியாது என்று வைத்தால் இது ஒரு சிரிப்புக் கதை. பாவம், ஊர்ப் பேச்சு மட்டும் தெரிந்த மனிதர், ஒரு சொல் காலை வாரிவிட்டது. வாசிப்பவர் பாவப்பட்டுவிட்டுப் போகலாம்.

ஆனால் டிர்சே ஒத்துக்கொள்ளவில்லை. இந்தப் பக்கத்தை அவளிடம் வாசித்துக் காட்டியபோது மீன் வெட்டும் பலகையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"தெரியாம இருக்குமா? படிக்கட்டுல, தபால் பெட்டிக்கு மேல, மொரோசோன்னு கொட்டை எழுத்துல போட்டு கட்டட நிர்வாகி ஒரு காகிதம் ஒட்டியிருந்தான். அவரு பேரு மூணு மாசம் அதுல தொங்குச்சு. தினம் அதைத் தாண்டித்தான் ரொட்டி வாங்கப் போவாரு."

"அப்போ ஏன் இல்லைன்னு சொன்னாரு?"

"ஏன்னா அவரு நேரியோ பவான். அந்தப் பொண்ணு மூஞ்சிக்கு நேரா கேக்குது, பின்னாடி பதினஞ்சு பேரு நிக்கிறாங்க. நீயா இருந்தா ஆமாம்னு சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"நீ சொல்லுவ. உனக்கு வெக்கமே கிடையாது."

அப்படியானால் வைன் கடையில் சொன்ன நகைச்சுவை? இல்லை என்று சொல்லிவிட்டு வந்ததை மூடுவதற்குப் போட்ட பூச்சா? ஈரச் சுவருக்கு மேலே வெள்ளை அடிப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். ஒரு மாதம் பளிச்சென்று இருக்கும்.

அந்தக் காகிதத்தை நானும் எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கிறேன், அந்தப் படிக்கட்டுக்குப் பூச்சு வேலை செய்தவன் நான். அப்போது எனக்கு அது வெறும் கறுப்புக் கோடு. அதனால் ஒரு மனிதர் அதைத் தாண்டிப் போகிறார் என்பதாலேயே படித்திருப்பார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். நேரியோ ஐந்து வகுப்பு படித்தவர் என்பது வேறு விஷயம்.

டீச்சரிடம் கேட்டேன். "நீங்கதானே எழுதறவர், நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார். யோசித்துப் பார்த்தேன். ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்றை அழுத்திவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவது. அந்த வேலையைச் செய்ய ஏற்கெனவே ஒரு ஜன்னல் இருக்கிறது. நான் இரண்டு நேரியோவையும் வைத்துக்கொள்கிறேன். உங்களுக்கு இடைஞ்சலாக இருந்தால் ஒருவரை விட்டுவிட்டுப் படியுங்கள்.

ஒன்று மட்டும் டிர்சே கண்ணால் பார்த்தது. வைன் கடைக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, அவள் மாடியேறிப் போய் அவர் கதவைத் தட்டியிருக்கிறாள். காலி செய்ய அதிகாரி வரும் நாள் புதன்கிழமை.

"திங்கக்கிழமை திரும்பப் போவோம். தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லு. அவ்வளவுதான்."

"சொல்லிட்டா?"

"குற்றமற்றவர்னு எழுதிக் குடுப்பாங்க. டாக்டருக்குப் பணம் போயிடும். நீ இங்கயே இருக்கலாம்."

"எனக்குக் குத்தம் இல்லைன்னு அந்தப் பொண்ணு சொல்லணுமா?"

"அந்தப் பொண்ணுதான் சொல்லணும். வேற யாரு சொல்லுவா, போப்பாண்டவரா?"

"இத்தனை வருஷம் என்கிட்ட யாரும் குத்தம் இருக்கான்னு கேக்கவே இல்லையே டிர்சே."

"இப்ப கேக்குறாங்க. ஆமாம்னு சொல்லித் தொலை. எட்டு மணி பஸ்."

"சரி" என்றார்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு டிர்சே மீன் கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டு பஸ் நிறுத்தத்தில் நின்றாள். நேரியோ வரவில்லை. ஆறு மணிக்கே பட்டறையிலிருந்து போன் வந்திருக்கிறது, ஒரு கப்பலை அவசரமாக முடிக்க வேண்டும், ஒரு நாள் வேலை இருக்கிறது என்று. மூன்று வாரமாக அந்தப் பதினாறு மணி வேலைகூட இல்லாமல் இருந்தவர். போய்விட்டார்.

இதை வைத்துக்கொண்டு டிர்சே சொல்கிறாள், 'பார்த்தியா, ஜன்னலுக்குப் போகாம இருக்கச் சாக்கு கிடைச்சுது.' நான் சொல்கிறேன், வேலை இருக்கிறது என்று கூப்பிட்டால் எங்களில் யார் போகாமல் இருப்போம்? போகாதவனை அடுத்த தடவை கூப்பிட மாட்டார்கள். வீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடுத்த தடவை என்று ஒன்று வேண்டுமே.

செவ்வாய்க்கிழமை அந்த ஜன்னலுக்கு விடுமுறை.

6

புதன்கிழமை. முன்பே சொன்னேன், நல்ல வெயில்.

இந்தக் காட்சியை நான் மூன்று விதமாக எழுதினேன். ஒன்றில் நேரியோ கதவைத் திறக்க மறுக்கிறார். ஒன்றில் டிர்சே அதிகாரியின் மேல் மீன் கழுவிய தண்ணீரை ஊற்றுகிறாள். (டீச்சருக்குப் பிடித்திருந்தது. டிர்சேக்கு ரொம்பப் பிடித்திருந்தது. "இதையே போடு, நான் செஞ்சேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்" என்றாள்.) நடந்தது இரண்டும் இல்லை.

நீதிமன்ற அதிகாரி, பல் டாக்டர் மெனின், பூட்டுக்காரன் வால்தெர். வால்தெர் எங்கள் ஆள். ஒரே வைன் கடை. அவன் நேரியோவின் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைத் திறந்தான்.

"காப்பி போட்டிருக்கேன்" என்றார் நேரியோ.

அதிகாரி வேண்டாம் என்றார். டாக்டர் வாங்கிக் குடித்தார். கெட்டவர் இல்லை அவர். இரண்டு தடவை தள்ளிப்போட்டவர்தான். வெனிஸ் பார்க்க வருகிறவர்களுக்கு இரவுக்கு இவ்வளவு என்று கட்டில் வாடகைக்கு விட்டால் மாதம் மூன்று மடங்கு வரும் என்று அவருடைய மருமகன் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தான்.

வால்தெரால் பழைய பூட்டைக் கழற்ற முடியவில்லை. வியர்த்துவிட்டது.

"கதவை லேசாத் தூக்கி அமுக்கு. மழைக்காலத்துல இருந்தே அப்படித்தான்" என்றார் நேரியோ.

"தூக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அப்படி இல்லடா, தள்ளிக்கோ." நேரியோ தோளைக் கதவில் முட்டுக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தார். பூட்டு கையோடு வந்தது.

"மன்னிச்சுக்கோ நேரியோ."

"உன் வேலை சுத்தமா இருக்கு. அதுல என்ன மன்னிப்பு."

இரண்டு பெட்டி, ஒரு காப்பிப் பாத்திரம், பட்டறையின் நீல மேல்சட்டை. அமேலியாவின் தையல் எந்திரத்தை டிர்சே தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். இரண்டு நாள் அங்கேயே தங்கச் சொன்னாள். அவளுடையது ஒரே அறை, தங்கையும் தங்கையின் மகளும் அதே அறையில். நேரியோ மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இந்த 'மாட்டேன்' பற்றி எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை.

7

இதற்கப்புறம் நகராட்சித் தாளில் உள்ள சொற்கள் வேகமாக வருகின்றன. கதை எழுதுகிறவனுக்கு வேலையே இல்லை. அவை தாமாகவே வரிசையில் நிற்கின்றன.

முதலில் குளிர்கால அவசரத் தங்கல். விளையாட்டுக் கூடம் ஒன்றில் கட்டில்கள். காலை ஏழு மணிக்கு வெளியே போய்விட வேண்டும். பிப்ரவரியோடு அது முடிந்தது, குளிர் முடியவில்லை.

அடுத்தது கண்டறிய முடியாதவர். வீட்டைக் காலி செய்தவர் இன்னும் அதே முகவரியில் இருக்கிறாரா என்று நகராட்சிக் காவலர் வந்து பார்ப்பார். வந்தார். அந்த வீட்டை நான்தான் வெள்ளையடித்துக் கொடுத்திருந்தேன், டாக்டர் கூப்பிட்டார், போனேன். மணியடித்ததும் கதவைத் திறந்தது ஒரு டென்மார்க் பெண். காலை உணவு எத்தனை மணிக்கு என்று காவலரைக் கேட்டாள். காவலர் எழுதிக்கொண்டு போனார். இன்னும் சில தடவை வந்து அதையே எழுதினார். ஒரு வருடம் கழித்து நேரியோ பவான் ஊரின் பதிவிலிருந்து நீக்கப்பட்டார்.

பதிவில் இல்லாதவருக்குக் குடும்ப டாக்டர் கிடையாது. நேரியோவின் மார்பில் முப்பது வருட மணல் இருந்தது. மூச்சுக்கு அடிக்கும் மருந்தை எழுதிக் கொடுக்க ஆள் இல்லை.

நவம்பரில் அவரைப் பார்த்தேன். எங்கே என்பது அடுத்த பகுதியில். அதற்குள் மாலைப் பள்ளியில் இன்னொரு சொல் படித்திருந்தேன். அதைச் சொல்லத்தான் தேடிக்கொண்டு போனேன்.

"நேரியோ, வீடு இல்லாதவங்களுக்குன்னு நகராட்சியில ஒரு தெரு வெச்சிருக்காங்க. அதுல பேரைப் பதிஞ்சா டாக்டர் உண்டு, ஓட்டு உண்டு, நாளைக்கு ஓய்வூதியமும் உண்டு."

"எந்தத் தெரு? எனக்குத் தெரியாத தெருவா?"

"அப்படி ஒரு தெரு கிடையாது. பேரு மட்டும்தான். காகிதத்துல இருக்கு."

"பள்ளிக்கூடத்துக்குப் போயி நீ நல்லாக் கெட்டுட்டடா பெப்பி."

"சத்தியமா இருக்கு. இல்லாத தெரு."

"வீட்டு நம்பர்?"

"குடுப்பாங்க."

"எதிர்த்த வீட்டுல யாரு?"

"யாரும் இல்ல. எல்லாருமே."

சிரித்தார். சிரிப்பு இருமலாகிக் கொஞ்ச நேரம் நிற்கவில்லை. நின்றதும் கேட்டார், "தபால் வருமா?"

"வரும். நகராட்சியில வாங்கி வெச்சிருப்பாங்க."

"அப்போ மெனினோட வக்கீல் காகிதமும் வரும்."

நான் இதை யோசிக்கவில்லை.

"பதிஞ்ச அன்னைக்கே கண்டுபிடிச்சுடுவான். வேலை கிடைச்சா கூலியில அஞ்சுல ஒண்ணைப் பிடிச்சுக்குவான். நாலஞ்சு வருஷம் கழிச்சு ஓய்வூதியம் வந்தா அதையும் பிடிப்பான். அந்தப் பணம் குடுக்க வேண்டியதுதான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா இப்ப என்கிட்ட இல்ல. இல்லாதவன் எங்க இருக்கான்னு எதுக்கு ஊருக்குச் சொல்லணும்?"

"மூச்சுக்கு?"

"மெதுவா விட்டுக்கறேன்."

9

எட்டாம் பகுதியை எடுத்துவிட்டேன். அச்சுப் பிழை இல்லை.

அதில் அவர் படுத்திருந்த இடத்தை எழுதியிருந்தேன். நன்றாக எழுதியிருந்தேன் என்று டீச்சர் சொன்னார். எந்தப் பாலம், எந்தப் பக்கம், அட்டைகளை எதற்குப் பின்னால் ஒளித்து வைப்பார், காலையில் எந்தக் குழாயில் முகம் கழுவுவார். எழுதி முடித்துவிட்டுத் திரும்பப் படித்தபோதுதான் பயம் வந்தது. கண்டறிய முடியாதவர் என்று ஊரே முத்திரை குத்திய ஒரு மனிதரை, எழுத்துக் கூட்டத் தெரிந்த யாரும் கண்டறியும்படி நான் செய்து வைத்திருந்தேன். வக்கீல்களுக்கும் எழுத்துக் கூட்டத் தெரியும்.

நாலு பக்கம். இவ்வளவு நீளமாக ஒன்றை நான் அதற்கு முன்னால் எழுதியதில்லை. டிர்சேயின் அடுப்பில் போட்டோம்.

10

ஜனவரியில் டாக்டர் மெனின் போன் செய்தார். மூன்றாம் மாடியில் குளியலறைச் சுவரில் பூஞ்சை. போய்ச் சுரண்டி, மருந்தடித்து, பூசினேன். மாலையில் கூலி கொடுக்க அவரே வந்தார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார்.

"பெப்பி, முன்னாடி இங்க இருந்தாரே, பவான். எங்கேயாவது பார்க்கிறது உண்டா?"

"யாரு?" என்றேன்.

அவர் சிரித்தார். "பயப்படாத. அந்தக் கதை முடிஞ்சுது. கணக்கர் அந்தப் பணத்தை வசூலிக்க முடியாத கடன்னு எழுதித் தள்ளிட்டாரு. நகராட்சியில இருந்து கண்டறிய முடியாதவர்னு சான்று வந்துச்சு, அது போதுமாம். வக்கீலுக்குக் குடுக்கிறதுக்கு இது மேல். அவர் இனிமே எனக்கு ஒரு சென்ட் தர வேண்டாம்."

"எழுதிட்டாரா, எழுதப் போறாரா?"

"எழுதியாச்சு. டிசம்பர்ல. பார்த்தா சொல்லு, அவர் போட்ட காப்பி நல்லா இருந்துச்சுன்னும் சொல்லு."

நான் தூரிகையைக்கூடக் கழுவவில்லை. எட்டாம் பகுதியில் இருந்த இடத்துக்கு நேராகப் போனேன். இனி அந்தப் பக்கங்களை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திரும்ப எழுதிவிடலாம், அவர் அந்த இல்லாத தெருவில் போய்ப் பெயரைப் பதிந்துவிட்டு டாக்டரைப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

அங்கே வேறு மூன்று பேர் படுத்திருந்தார்கள். இளைஞர்கள். உயரமான கிழவரா, நீலச் சட்டையா, என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்பே போய்விட்டார் என்றான் ஒருவன். த்ரியெஸ்தே பக்கம் கப்பல் வேலை இருக்கிறது என்று சொன்னதாக இன்னொருவன். மூன்றாமவன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் சொல்லாததை நான் எழுதப்போவதில்லை.

த்ரியெஸ்தேக்குப் போனேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை. டிர்சேயும் ஒரு தடவை வந்தாள், மீன் சந்தை முழுக்கக் கத்திக் கேட்டாள். ஆஸ்பத்திரியில் கேட்டோம். பெயர் சொன்னோம். பதிவில் இல்லை என்றார்கள்.

கிரார்தி டீச்சர் இதற்கு ஒரு முடிவு வேண்டும் என்கிறார். டிர்சே, அவர் ஒரு விதவையின் வீட்டில் பொலெந்தா என்ற சோளக்களியைச் சாப்பிட்டுக்கொண்டு குண்டாகிவிட்டார் என்று எழுதச் சொல்கிறாள். எழுதிப் பார்த்தேன். ஐந்து வரி வந்தது. 'அந்த வீட்டின் ஜன்னலில் இருந்து துறைமுகம் தெரிந்தது. நேரியோ கரண்டியைக் கையில்' [போதும்.]

இல்லாத கடனுக்காக ஒரு மனிதர் ஒளிந்துகொண்டிருக்கிறார். இதை அவரிடம் சொல்ல வேண்டும், கதைக்கு மிச்சம் இருக்கிற வேலை அவ்வளவுதான். என்னால் அது முடியவில்லை. நீங்கள் வேறு ஊர்களில் இருக்கிறீர்கள். ரயில் நிலையங்களைத் தாண்டிப் போகிறீர்கள். உயரமான மனிதர், இருமுவார், பேச்சுக் கொடுத்தால் நன்றாகப் பேசுவார். பாக்கியா என்று கேட்காதீர்கள், இல்லை என்பார். உதவி வேண்டுமா என்றும் கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து இதை மட்டும் சொல்லுங்கள்: ஐயாயிரத்து நூற்று எண்பத்து நான்கு யூரோ, மெனின் டாக்டர், மர்கேரா. தள்ளுபடி ஆகிவிட்டது.